முதுகு

மூடிய சுரங்கத்தின் உடைமாற்றும் கூடம்,
அஸ்தூரியாஸில், ஆறு கறுத்து வளையும் இடத்தில்.
கூரையிலிருந்து இன்னும் தொங்குகின்றன சங்கிலிகள்,
ஒவ்வொரு நுனியிலும் ஒரு கொக்கி, ஒரு கம்பிக்கூடை.
வீட்டிலிருந்து வந்தவனைக் கழற்றி
அதில் மாட்டி மேலே ஏற்றிவிடுவோம்.
குழிக்குள் இறங்குபவன் வேறொருவன்.
எட்டு மணி நேரம்
எங்கள் சட்டைகள் தலைக்குமேல்
ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது செவ்வாய்தோறும் ஏழு மணிக்கு
அவற்றின் கீழே வட்டமாக உட்கார்கிறோம், பதினொரு பேர்.
ஆண்கள் சந்திப்பு என்று
நகராட்சிப் பட்டியலில் இருக்கிறது,
பின்னல் வகுப்புக்கும் யோகாவுக்கும் நடுவே.

அவெலினோ பலகை கொண்டுவந்தான்.
நோக்கங்கள் என்று எழுதி அடிக்கோடிட்டான்.
முக்கால் மணி நேரம் அதன்கீழ் ஒன்றுமில்லை.
பிறகு எல்லாம் ஒரே நேரத்தில்:
செல்சோவுக்குச் சட்டம் மாற வேண்டும்,
மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் தகப்பன் அவன்.
பெலார்மினோ மறித்தான்.
நவம்பரில் பெண்கள் போகும் ஊர்வலத்தில்
வாய் திறக்காமல் பின்னால் நடப்பதுதான் நம் வேலை.
பின்னாலா?
பின்னால்.

சுரங்கத்தையே பார்த்திராத இயான்,
இருபத்து மூன்று வயது, தொண்டையைச் செருமினான்:
ஆண்மை என்பது சமூகம் கட்டியது.
யார் கட்டினான் சொல்லு, என்றான் ஃபெர்மின்,
எனக்குக் கூலி பாக்கி இருக்கிறது.

சிரித்தோம். சிரிப்பு அடங்கியது,
கட்டியது என்ற சொல் அடங்கவில்லை.
கட்டுவது எங்களுக்குத் தெரியும்.
மலை தலையில் இறங்காமலிருக்க
பைன் மரத்தில் முட்டுக்கொடுப்போம்.
பாரம் ஏறினால் பைன் முனகும்.
முனகுகிற மரம் நல்ல மரம்,
ஓட நேரம் கொடுக்கும்.
சத்தமில்லாமல் ஒடிவதுதான் ஆளைக் கொல்லும்.

என் அண்ணன் முனகவில்லை.
குழி மூடிய மூன்றாம் மாதம்.

அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
வந்தது வேறு.
குளிக்கும்போது வரிசையாக நிற்போமே, என்றேன்,
தன் முதுகு தனக்கு எட்டாது,
பக்கத்தில் நிற்பவன் தேய்ப்பான்.
காலையில் கைகலந்தவனாக இருக்கலாம்,
பெயர் தெரியாத புதியவனாக இருக்கலாம்.
யாரும் கேட்டதில்லை.
யாரும் நன்றி சொன்னதில்லை.
அண்ணனுக்கு இடது தோளின் கீழே நீலத் தழும்பு,
கரி உள்ளே தங்கி ஆறிய காயம்.
அந்த இடம் வந்ததும் என் கை தானாக மெதுவாகும்.
வீட்டில் அவனை நான் தொட்டதே இல்லை,
அப்பாவைப் புதைத்த அன்றுகூட.

புறமுதுகு காட்டாதே என்று வளர்ந்தவர்கள்
அங்கே மட்டும் காட்டி நின்றோம்.
குழியை மூடும்போது
நுரையீரலுக்கு ஒரு தொகை, முழங்காலுக்கு ஒரு தொகை,
காதுக்கும் கொடுத்தார்கள்.

இயான் சுண்ணக்கட்டியை எடுத்தான்.
இதை எப்படி எழுதுவது, என்று கேட்டான்.
யாருக்கும் தெரியவில்லை.
செல்சோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்குச் சாவிக்கொத்தோடு ஓல்விதோ வந்தாள்,
என் அண்ணி, இப்போது கட்டடம் அவள் பொறுப்பு.
பலகையைப் படித்தாள்.
கோப்பைகளைக் கழுவிவிட்டுப் போங்கள், என்றாள்,
போன வாரமும் நான்தான் கழுவினேன்.
விளக்கை அணைக்கப் போனவள் கதவருகே நின்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.
அந்தத் தழும்பை
என்னை ஒருநாளும் தொடவிட்டதில்லை அவர்.

ஒரே ஒரு தொட்டி. பதினொரு பேர்.
ஒருவன் கையில் சோப்பு, ஒருவன் கையில் துணி,
மற்றவர்கள் இடைஞ்சல்.
முன்னால் நின்ற இயானின் சட்டைக்காலர்
பின்கழுத்தில் மடங்கிக் கிடந்தது.
என் கை நனைந்திருந்தது.
இருந்தும் எடுத்துவிட்டேன்.
ஈரம், என்றான்.
நகரவில்லை.